இரண்டு விரல் இடைவெளி

எங்கள் ஊரில் வண்டிக்குப் பெரிய டயர் போட்டால் அது மட்கார்டில் உரசுவதில்லை. மறுநாளில் உரசும். டயரின் உள்பக்கம் உரசினால் வண்டிக்காரனுடைய மறுநாள் தேயும். வெளிப்பக்கம் உரசினால் மற்றவர்களுடைய மறுநாள் தேயும். டயர் கடைகளில் இதை எழுதி மாட்டியிருக்க மாட்டார்கள். ஆணி ஏறினால் காற்று இறங்கும் என்றும்தான் யாரும் எழுதி மாட்டுவதில்லை.

என்னிடம் ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. அடிவாரத்திலிருந்து மலைக்கு அரிசியும் சிமென்டும் ஏற்றிப் போவேன். இறங்கும்போது அன்னாசிப் பழமும் மிளகும் வரும். மலைமேல் நெல்லிநாடு வரைக்கும் தார்ச்சாலை. அதற்கப்புறம் மூன்று கிலோமீட்டர் வெறும் கல். மழை பெய்து மண் கரைந்தால் கற்கள் தலை தூக்கிக்கொள்ளும். ஆடி மாதத்தில் அப்படி ஒரு கல் என் வண்டியின் இன்ஜினுக்கு அடியிலிருக்கும் ஆயில் சட்டியை உடைத்துவிட்டது. வண்டி இன்னும் கொஞ்சம் உயரமாக நின்றால் நல்லது என்று தோன்றியது. அதனால் பெரிய சக்கரம் போட முடிவு செய்தேன்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் ஜபருல்லா பாய்தான் போட்டுத் தந்தார். பழைய சக்கரத்தைவிடப் புதியது ஒரு அங்குலம் பெரிது. டயரும் தடிமன். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியதும் பாய் ஸ்டியரிங்கை இடதுபக்கம் முழுக்க ஒடிக்கச் சொன்னார். டயருக்கும் மட்கார்டின் உள்தகட்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஒரு விரல் போகுதுண்ணே. ரெண்டு விரல் போகணும். லோடு ஏத்தி, ஒரு சக்கரத்தைக் கல்லு மேல ஏத்திப் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."

"நாளைக்குக் காலையில லோடு இருக்கு பாய்."

"அப்ப உங்க இஷ்டம்," என்றார்.

அன்று திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை முப்பது மூட்டை சிமென்டோடு மலை ஏறினேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் முழுக்க ஒடித்தபோது இடது முன்சக்கரத்தில் கர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. பத்து எண்ணுவதற்குள் நின்றுவிட்டது. சரி, நாளைக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு வீட்டு வாசலில் வண்டியின் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுத்து பத்தரை மணி. சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். கையில் காலி டம்ளர். எதிரில் என் மனைவி சௌந்தரி. அழுது முடித்தவள்போலவும் இருந்தாள், சிரித்து முடித்தவள்போலவும் இருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கு இப்படியெல்லாம் பேச வருமா?" என்றாள்.

"வரும்," என்றேன்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடங்களில் நான் பேசி அவள் கண் துடைத்ததில்லை. நான் பேசுகிறவன் இல்லை. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அவள் அங்கன்வாடியில் உதவியாளராக இருந்தாள். அன்று அங்கே விடுமுறை. மற்ற நாட்களில் சாயங்காலம் வந்து அங்கே எந்தப் பிள்ளை என்ன சொன்னது என்று சொல்வாள். நான் கேட்பேன். வீட்டில் பேச்சு அப்படித்தான் நடந்தது. இருபது நிமிடம் நான் என்னதான் பேசியிருப்பேன்?

வெளியே போய் மட்கார்டுக்குள் கையை விட்டேன். கறுப்பாகத் துகள் இருந்தது. பாதி கைப்பிடி தேறும். ரப்பர் வாடை அடித்தது. தொட்டால் சூடாக இருந்தது. வண்டி நேற்றிலிருந்து ஓடவில்லை. அந்தத் துகளை ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு ஜபருல்லா பாயிடம் போனேன்.

"இதைத் திரும்ப ஒட்ட முடியுமா பாய்?"

பாய் டப்பாவை ஆட்டிப் பார்த்தார். "ஒட்டினா நிக்காதுண்ணே. சேந்தமங்கலம் ரோட்டுல ஒருத்தர் ஒட்டிப் பாத்தாரு. அவரோட புதன்கிழமை ரெண்டு ஓரமும் தூக்கிக்கிச்சு. நடக்கும்போது கால் தடுக்குதுன்னு சொல்லிட்டிருந்தாரு." டப்பாவிலிருந்ததைக் குப்பைக் கூடையில் கொட்டிவிட்டு, "இனிமே உரசாம பண்ணிக்கலாம்," என்றார்.

சக்கரத்தைக் கழற்றி, அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இரும்பு வளையம் ஒன்றை வைத்து முடுக்கினார். ஸ்பேசர் என்பார்கள். சக்கரம் அந்த அளவுக்கு வெளியே தள்ளி நின்றது. இப்போது உள்பக்கம் தாராளமாக இரண்டு விரல் போனது.

"உள்ள உரசுனத வெளிய தள்ளிட்டேன். இனிமே உங்க நாளுக்கு ஒண்ணும் ஆகாது."

"வெளிய உரசுனா?"

"அது அக்கம்பக்கத்துல யாருக்காவது."

சாக்கடைத் தண்ணீரைத் தெருவில் திருப்பிவிடுகிற ஆள் சொல்வதுபோல்தான் சொன்னார். நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. இன்னொரு இருபது நிமிடம் போனால் இன்னும் என்னென்ன பேசி வைப்பேனோ என்று பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் பொருட்கள் வர ஆரம்பித்தன. வெள்ளிக்கிழமை பச்சை நிறத்தில் ஒரு தகரப் பெட்டி வந்தது. சனிக்கிழமை இரண்டு போர்வை. ஞாயிற்றுக்கிழமை சௌந்தரி தன்னுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழை நகல் எடுத்து வைத்திருந்தாள். திங்கட்கிழமை ஒரு விசில் வந்தது. உலோக விசில். பந்து விளையாட்டுக்கு ஊதுவார்களே, அது. அதை எடுத்து ஒருமுறை ஊதிப் பார்த்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எதற்கு என்று கேட்க வாய் வரவில்லை. அவ்வளவு அழகாகப் பேசிவிட்டு இப்போது எதைப் பற்றிப் பேசினேன் என்று கேட்டால் அவள் முகம் எப்படி ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். பெட்டியையும் போர்வையையும் விசிலையும் வரிசையாக மனதில் வைத்துக் கணக்குப் போட்டேன். ஒன்றும் கூடிவரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"எல்லாம் எடுத்து வெச்சாச்சா?"

"சோப்பு மட்டும்தான் வாங்கணும். ஞாயித்துக்கிழமை கெளம்பலாம்ல, நீங்க சொன்ன மாதிரி?"

"கெளம்பலாம். எவ்வளவு நாளுக்குன்னு..."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ரெண்டு வருசம்னு நீங்கதான சொன்னீங்க. நான் ஒரு வருசம்தான்னு சொன்னேன். புள்ளைங்களுக்குப் பழகவே ஒரு வருசம் ஆகும், ரெண்டு வருசம் இருந்துட்டு வான்னு நீங்கதான் சொன்னீங்க."

அப்போதுதான் தெரிந்தது. மலைமேல், கல் ரோட்டின் கடைசியில், ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. தங்கிப் படிக்கிற பிள்ளைகள் அறுபது பேர். விடுதியைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பள்ளிக்கு அரிசி இறக்குகிறவன் நான்தான். சௌந்தரி போகிறாள். நான் போகச் சொல்லியிருக்கிறேன்.

"ரெண்டு வருசம்தான் சரி," என்றேன். தண்ணீர் குடித்தேன்.

படுத்த பிறகு அந்த ஆளைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை இருபது நிமிடம் என் சட்டையைப் போட்டுக்கொண்டு என் சமையலறையில் உட்கார்ந்து பேசிய ஆள். நல்ல மனுஷனாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அவன் மேல் கோபமாக இருந்தது.

இடையில் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வளைவுகளில் இப்போது வெளிப்பக்கம் கர்ர் என்றது. ஒருநாள் டீக்கடை வேலுச்சாமிக்குக் கால் மணி நேரம் இல்லாமல் போய், பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது என்று சொன்னார்கள். நான் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். புதன்கிழமை ஏறும்போது கொஞ்சம் நீளமாகவே உரசியது. யாருடைய வியாழக்கிழமை என்று யோசித்தேன். பிறகு ரேடியோவைப் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சர் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். ஓய்வுபெற்று ஆறு வருடமாகிறது. தனியாக இருக்கிறார். மகள் மஸ்கட்டில் நர்ஸ். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அந்தப் பெண் கூப்பிடும். புதன்கிழமை சாயங்காலத்திலிருந்தே டீச்சர் அதற்குத் தயாராகிவிடுவார்.

"பொன்னுரங்கம், நேத்து பதினொரு மணிக்கு நான் என்ன பண்ணிட்டிருந்தேன், நீ பாத்தியா?"

"இல்லீங்க டீச்சர். ஏன்?"

போனை நீட்டினார். மகளிடமிருந்து அழைப்பு. இருபத்திரண்டு நிமிடம் பேசியதாகக் காட்டியது. அதற்குக் கீழே மகள் அனுப்பிய செய்தி: அம்மா, நீங்க சொன்னதுக்கப்புறம்தான் மனசு லேசாச்சு. நீங்க சொன்னபடியே பண்றேன்.

"நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியல. அவ என்ன கேட்டான்னும் தெரியல. என்ன பண்ணப் போறாளோ."

"நல்லதாத்தான் சொல்லியிருப்பீங்க டீச்சர்."

"நல்லதுன்னா அது எனக்கும் தெரிய வேண்டாமா?"

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்துக் கேட்பதுபோல் கேட்டார். சுவரின் மேல் ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என் வண்டிதான் டீச்சர்," என்றேன்.

"எந்தச் சக்கரம்?"

"முன்னால, இடது பக்கம்."

"சரிதான். நீ வண்டி நிறுத்தினா அந்தப் பக்கம்தான எங்க வீடு." போனை மூடினார். "அடுத்த வியாழக்கிழமை வேணும் எனக்கு. அத மட்டும் பாத்துக்க." உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

சனிக்கிழமை திறக்கும் முன்பே ஜபருல்லா பாயின் கடை வாசலில் நின்றேன். ஸ்பேசரைக் கழற்றச் சொன்னேன். உள்ளேயும் உரசக் கூடாது, வெளியேயும் உரசக் கூடாது என்றேன்.

"அப்ப ஒரு நாள் முழுக்க வேலை இருக்கு," என்றார் பாய்.

"இருக்கட்டும்."

அவர் மட்கார்டின் உள்தகட்டைக் கழற்றி, சூடுகாட்டி, பின்னால் தள்ளிப் பொருத்தினார். தகடுகள் சேரும் விளிம்பைச் சுத்தியலால் தட்டி மடக்கினார். முன் பம்பரின் மூலையில் மூன்று விரல் அகலத்துக்கு அறுத்து எடுத்தார். ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு கட்டை வைத்து வண்டியைத் தூக்கினார். பிறகு இருபது மணல் மூட்டைகளை ஏற்றி, வலது பின்சக்கரத்தை ஒரு கல்லின் மேல் ஏற்றி நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொன்னார். படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தொடுதுண்ணே."

"எவ்வளவு?"

"நகத்தளவு. நாளைக்கு மலை ஏறினா திங்கட்கிழமையோட ஓரத்தைத் தொடும். நீங்க எழுந்திருக்கிற நேரம்னு நெனைக்கிறேன்."

பழைய சக்கரத்தையே மாட்டிவிடலாம் என்றார். பழைய சக்கரம் போட்டால் கல் ரோட்டில் வயிறு இடிக்கும். சௌந்தரியை முக்கால் வழியில் இறக்கிவிட்டு, அவள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும். வேண்டாம் என்றேன்.

"அப்ப இன்னும் ஒரே வழிதான்." பாய் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு போல்ட்டைக் காட்டினார். "இத வெளிய முடுக்கினா ஸ்டியரிங் முழுசா ஒடியாது. எங்கயும் உரசாது. ஆனா கொண்டை ஊசி வளைவுல ஒரே வீச்சுல திரும்ப மாட்டீங்க. பாதி திரும்பி நிறுத்தி, பின்னால எடுத்து, திரும்ப முன்னால போகணும்."

"எல்லா வளைவுலயுமா?"

"எல்லா வளைவுலயும்."

"முடுக்குங்க," என்றேன்.

கடைசியில் பாய் என் கையைப் பிடித்து உள்ளே விட்டார். இரண்டு விரல் போனது. வெளியேயும் இரண்டு விரல் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம். ரெஜினா டீச்சர் கேட் வரைக்கும் வந்து சௌந்தரியின் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். தகரப் பெட்டி பின்னால் இருந்தது. விசில் சௌந்தரியின் கழுத்தில் இருந்தது.

மலைப்பாதையில் நாற்பத்தொரு வளைவு. ஒவ்வொன்றின் ஓரக்கல்லிலும் மஞ்சள் பெயின்டில் நம்பர் எழுதியிருக்கும். முதல் வளைவில் பாதி திரும்பி நின்றோம். பின்னால் எடுத்தேன். மறுபடி முன்னால் போனேன். இரண்டாவதிலும் அப்படியே. ஐந்தாவது வளைவில் எங்களுக்குப் பின்னால் ஒரு பேருந்து வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, "வா, வா, வா, போதும்ணே, ஒடி," என்று எங்களுக்குக் கை காட்டினார். பிறகு பேருந்து எங்களை முந்திப் போய்விட்டது. அப்புறம் சௌந்தரியே ஒவ்வொரு வளைவிலும் இறங்கிப் பின்னால் நின்று விசில் ஊதினாள். ஒருமுறை ஊதினால் வரலாம். இரண்டுமுறை ஊதினால் நிற்க வேண்டும். நாற்பது நிமிடத்தில் ஏறுகிற மலை. ஒன்றரை மணி நேரமாகியும் பாதிதான் ஏறியிருந்தோம். எனக்கு அவசரமாக இல்லை.

இருபத்தேழாவது வளைவில் பாதி திரும்பி, வண்டியைச் சாலைக்குக் குறுக்காக நிறுத்தினேன். சௌந்தரி இறங்கக் கதவைத் திறந்தாள்.

"இரு," என்றேன்.

இருந்தாள்.

"அன்னிக்கு நான் பேசினேன்ல. அது என்னன்னு எனக்குத் தெரியாது."

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். நீங்க பேசிட்டிருக்கும்போதே பாத்தேன். காதுக்குப் பின்னால டயர் உரசின மாதிரி கறுப்பா ஒரு கோடு இருந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

விசிலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "ரெண்டாவது தடவை கேட்டா வேற மாதிரி சொல்லிடுவீங்கன்னு."

வேறு மாதிரிதான் சொல்லியிருப்பேன். அவள் சொன்னது சரி. கண்ணாடிக்கு வெளியே பள்ளத்தில் வாழைத்தோப்பு தெரிந்தது. ஒரு ஆள் தோப்புக்குள் குடை பிடித்துக்கொண்டு நடந்தான். மழை இல்லை.

"இப்ப கேளு," என்றேன்.

"ஏனுங்க, நான் வேலைக்குப் போகட்டுங்களா?"

யோசித்தேன். அந்தப் புதன்கிழமை ஆள் சொன்ன வார்த்தை ஏதாவது வருமா என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. என்னிடம் இருந்ததைத்தான் சொன்னேன்.

"நீ போறது எனக்குப் பிடிக்கல. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா யாரு என்ன சொன்னாங்கன்னு எனக்குச் சொல்ல ஆள் இருக்காது. நான் எங்க உக்காருவேன்னே தெரியல. ஆனா நீ போகலைன்னா அந்தப் பெட்டியப் பாக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். போ. ரெண்டு வருசம்னு சொன்னது நான் இல்ல. ஒரு வருசம் கழிச்சு நான் வந்து கேப்பேன். வாரத்துல ரெண்டு நாளு அரிசி ஏத்திட்டு வருவேன்."

"அரிசி மாசத்துக்கு ஒருதடவைதான வேணும்."

"ரெண்டு நாளு வருவேன்."

"அன்னிக்கு இதவிட நல்லாச் சொன்னீங்க," என்றாள்.

"இருக்கும்."

"இது போதும்," என்றாள். என் காதை மடக்கிப் பின்னால் பார்த்தாள். விரலால் துடைத்துப் பார்த்தாள். விரல் சுத்தமாக இருந்தது. பிறகு இறங்கிப் போய் விசில் ஊதினாள்.

கல் ரோட்டில் வண்டி ஒரு இடத்திலும் இடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளும் வரிசையாக நின்றிருந்தார்கள். பெட்டியை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். சௌந்தரி ஒருமுறை ஊதினாள். எல்லோரும் அவள் பின்னால் வந்தார்கள். இரண்டுமுறை ஊதினாள். நின்றார்கள். தலைமையாசிரியர் எனக்கு டீ கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இறங்கும்போது பின்னால் நின்று ஊத ஆள் இல்லை. தலையை வெளியே நீட்டிப் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன். இருபத்தெட்டாவது வளைவு வந்தது. திருப்பினேன். அடுத்து வந்தது இருபத்தாறாவது. நடுவில் சாலை நேராக இருந்தது. நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். வாழைத்தோப்பு அங்கேயே இருந்தது. வளைவு இல்லை. ஒரு தடவை பின்னால் எடுக்கிற வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சௌந்தரி போன் பண்ணினாள். பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னாள். யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்றும் சொன்னாள். பிறகு, நாங்கள் நிறுத்திப் பேசிய இருபத்தேழாவது வளைவு விடுதி முற்றத்துக்கு வந்திருக்கிறது என்றாள். திங்கட்கிழமை எழுந்து பார்த்தபோது துணி காயப்போடுகிற இடத்தில் இருந்ததாம். பிள்ளைகள் அதில் உட்கார்ந்து சறுக்கி விளையாடுகிறார்களாம்.

"தலைமையாசிரியர் ஒண்ணும் சொல்லலையா?"

"துணியக் கொஞ்சம் தள்ளிக் காயப்போடச் சொன்னாருங்க. நம்பர் மட்டும் அழிஞ்சு போயிருக்கு. வரும்போது மஞ்சள் பெயின்ட் அரை லிட்டர் வாங்கிட்டு வாங்க. பிரஷ் இங்க இருக்கு."

வாங்கி வைத்திருக்கிறேன்.